வடக்கு வீட்டில் வைத்த பாஸ்போர்ட்

“விண்ணப்பதாரரின் பாஸ்போர்ட் பாதுகாப்பு கருதி அண்டை வீட்டில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வீட்டார் உறவினர் ஒருவரின் திடீர் மரணத்தால் வெளியூர் சென்றிருந்ததால், குறித்த விமானத்தைப் பிடிக்க இயலவில்லை.”

ஆஸ்திரேலியக் குடிவரவு அலுவலகத்துக்குப் புரட்டாசி 14, செவ்வாய்க்கிழமை அனுப்பிய விளக்கக் கடிதத்தில் மூன்றாவது பத்தி இது. தமிழில் எழுதியவன் நான். ஆங்கிலத்தில் ஆக்கித் தட்டச்சு செய்தவள் என் மகள். கடிதத்தில் வருகிற தேதி, கிழமை, மணி எல்லாவற்றையும் என் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை. ‘பாதுகாப்பு கருதி’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் பொய்.

புதுச்சேரியில் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பத்தொரு வருஷம் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவன் நான். கல்யாணத்துக்காக வயதைக் கூட்டச் சொல்லியும் வேலைக்காகக் குறைக்கச் சொல்லியும் எத்தனையோ பேர் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். ஒரு நாளைக்கூட மாற்றித் தந்ததில்லை. அறுபத்து நான்காம் வயதில் சொந்த மகளுக்காக முதல் பொய்யை எழுதினேன், அதுவும் முகம் தெரியாத ஒரு வெளிநாட்டு அதிகாரிக்கு. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நடந்தது நடந்தபடி ஓர் இடத்திலாவது இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கைவிட்டுப் போன உரிமை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைத் தப்பாகவே விளங்கிக்கொள்கிறார்கள். என் மகளுக்கு ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வசிக்க அனுமதி கிடைத்திருந்தது. அங்கேயே இருந்தால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் வெளியே போய்த் திரும்பி நுழைய ஐந்து வருஷக் கெடு உண்டு. கெடு முடியும்போது வெளியே இருந்தால் கதவு சாத்திவிடும். பிறகு தகுந்த காரணம் காட்டி, அவர்கள் இரங்கினால்தான் உண்டு. அவள் ஒரு வருஷமும் எட்டு மாதமும் மெல்பர்னில் இருந்தாள். அப்போது எனக்கு இங்கே இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. பதினைந்து நாள் லீவில் வந்தவள் மூன்று வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டாள். கெடு இந்த வருஷம் ஆவணி 18, புதன்கிழமை.

அவள் அங்கே இருந்த காலத்தில் நானும் மனைவியும் மூன்று மாதம் போய் இருந்தோம். ஒருநாள் விடாமல் நாட்குறிப்பு எழுதினேன். நகரத்தின் மேற்குப் பக்கம், ரயிலை விட்டு இறங்கி ஒரு பஸ் பிடித்துப் போகிற இடத்தில், மூன்று அறை கொண்ட வாடகை வீடு. மகள் உணவுப் பொருள்களைப் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்த்தாள். பாலில், இறைச்சியில், கீரையில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

அந்த ஊரை நினைத்தாலே எனக்கு முதலில் கோபம் வருவது வீட்டுச் சோதனையை நினைத்துத்தான். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, வீட்டுக்காரர் அமர்த்திய கம்பெனி ஆள் சில மாதத்துக்கு ஒருமுறை வருவான். எங்கள் முறை ஒரு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமையிலிருந்தே கடுகு தாளிக்கக் கூடாது என்று என் மனைவிக்கு உத்தரவு. மகள் லேபிலிருந்து வந்து அடுப்பின் உள்பக்கத்தைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பூட்ஸைக் கழற்றவில்லை. அடுப்பு, கழிப்பறை மூலை, துணி அலமாரி, நாங்கள் படுக்கிற அறை எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தான். என் மனைவி சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவன் போனதும் சொன்னாள்:

“இன்னாங்க இது, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாத்துட்டுப் போறான். பஜ்ஜி ஒண்ணுதான் குடுக்கல.”

சிரித்தோம். மறுநாள் கம்பெனியிலிருந்து அறிக்கை வந்தது. வீடு நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் சமையல் வாடை கடுமையாக உள்ளது, ஜன்னல்களைத் திறந்து வைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் தயிர்சாதம் தின்ற வீடு அது. மகள் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். வெளியே ஏழு டிகிரி. நாங்கள் மூன்று பேரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இதே நாட்குறிப்பில் வேறொன்றும் இருக்கிறது. அந்தப் பேட்டை நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கென்று தனி அறை உண்டு. மொழி சரியாக வராத, குல்லாய் போட்ட கிழவனாக நான் உள்ளே போய் பழைய நகராட்சிப் பதிவேடுகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அங்கிருந்த அம்மாள் யார் நீ, எதற்கு என்று கேட்கவில்லை. ஏட்டில் மை படாமலிருக்கப் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைத் தந்தாள், நூறு வருஷத்துக்கு முந்திய வரிப் பதிவேட்டை எடுத்து வந்து என் முன்னால் பஞ்சணை வைத்து விரித்தாள். அடுத்த வாரம் போனபோது நான் கேட்காத இன்னொரு பெட்டியும் எனக்காக எடுத்து வைத்திருந்தாள். நம் பக்கத்தில் பாகூர் ஏரி மதகு பற்றிய ஒரு பழைய கோப்புக்காக நான் பதினான்கு முறை ஒரு அலுவலகத்துக்கு நடந்திருக்கிறேன், தேதிகள் என்னிடம் இருக்கின்றன. பதினான்காவது முறை, “கரையான் துன்னுட்டுச்சி சாரு, நீங்க இன்னாத்துக்கு இதெல்லாம் கேக்கறீங்க?” என்றார்கள். நானே அரசாங்க ஊழியனாக இருந்தவன்.

ஆக, அந்த நகரத்தில் என்னைச் சமையல் வாடை என்று எழுதினவர்களும் இருந்தார்கள், என் முன்னால் பஞ்சணை வைத்தவளும் இருந்தாள். அவர்கள் ஒரே தெருவில்கூட இருக்கலாம்.

மூன்றாவது ஒன்று நாங்கள் திரும்பி வந்த பிறகு தெரிந்தது. மகளுக்கு நாலு நாள் கடும் காய்ச்சல். லேபுக்குச் செய்தி அனுப்பினாள், கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் பெயர் அவளுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் எழுந்து தானே கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். இதை எங்களுக்கு ஏழு மாதம் கழித்துச் சொன்னாள், அதுவும் வேறு ஏதோ பேச்சில் வாய் தவறி.

என் நெஞ்சு தேறிய பிறகும் அவள் போகவில்லை. திருபுவனையில் ஒரு குடிநீர்க் கம்பெனி லேபில் சேர்ந்தாள். காலை ஆறு இருபதுக்குப் பஸ், சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு. படித்தது அதே படிப்பு, செய்வது அதே வேலை. ஆனால் செய்யாத பரிசோதனைக்கும் செய்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்வார் அங்கே மேலதிகாரி. “போடும்மா, எல்லாம் ஒரே தண்ணிதான்” என்பாராம். அவள் போடமாட்டாள். அதனால் பதவி உயர்வு கிடையாது. சொந்தத்தில் ஒருவன் கல்யாணப் பந்தியில் என் காதுபட, “ஆஸ்திரேலியாவுக்குப் பிளேன்ல போனது, இப்ப திருபுவனை பஸ்ஸுல தொங்குது” என்றான். இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

கெடு நெருங்கியது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆடி மாதம் ஒருநாள் என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“ஊர்க் கதையெல்லாம் பக்கம் பக்கமா எழுதறீங்களே, அந்த ஊர்ல நல்லது இன்னா, கெட்டது இன்னான்னு ஒரு தாள்ல எழுதி அவகிட்ட குடுக்கக் கூடாதா? படிச்சிட்டு ஒரு முடிவுக்கு வரட்டும்.”

நடுவில் கோடு போட்டு எழுதினேன். நல்லது பக்கம்: மருத்துவம், நூலகம், நடைபாதை, சொன்ன நேரத்துக்கு வரும் ரயில், பெண் தனியாக நடந்தால் திரும்பிப் பார்க்காத தெரு. கெட்டது பக்கம்: குளிர், தனிமை, வீட்டுச் சோதனை, வாடகைக்கு வீடு கிடைக்க வரிசையில் நிற்பது, பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது. கீழே தேதி போட்டுக் கொடுத்தேன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கால்கூடக் கழுவாமல் படித்தாள். பிறகு என் பேனாவை வாங்கினாள்.

“குளிர்னு எழுதியிருக்கீங்க. குளிருக்குக் கோட்டு இருக்குதுப்பா.” அடித்தாள்.

“தனிமை?”

“இங்க மட்டும் இன்னா, கூட்டமாவா இருக்கறன்? பஸ்ஸுல இருக்கறன், அவ்ளோதான்.” அதையும் அடித்தாள். “பேரைச் சுருக்கிக் கூப்புடறது கெட்டதா? எனக்கு அது நல்லா இருந்துச்சி.”

“உன் பேரு நான் வச்ச பேரும்மா.”

“தெரியும்பா. ஆனா அங்க எனக்கு அந்தச் சின்னப் பேரு மட்டுந்தான். அப்பா பேரு கெடையாது, தெருப் பேரு கெடையாது. எந்தத் தெருன்னு அங்க ஒருத்தன் கேட்டா, வழி தெரிஞ்சிக்கக் கேப்பான். இங்க எதுக்குக் கேக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? ரிஜிஸ்டர்ல தெருப் பேரு எழுதனது நீங்கதான?”

நல்லது பக்கத்தில் அதை அவளே எழுதினாள்: தெரு கேட்கமாட்டார்கள். பிறகு கெட்டது பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். ‘அப்பாவுக்கு மறுபடி வலி வந்தால், வந்து சேர முப்பது மணி நேரம்.’

“என்னைக் கெட்டது பக்கத்துல எழுதாத” என்றேன்.

“வேற எந்தப் பக்கம் எழுதறது?”

கத்தினேன். எனக்காக யாரும் இருக்க வேண்டாம், நான் யாரையும் இருக்கச் சொல்லவில்லை என்றேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்ப போறியாடி?” மகள், “தெரியலம்மா” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். இரண்டு வாரம் கழித்து விமானச் சீட்டு எடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஆவணி 17, செவ்வாய்க்கிழமை இரவு எட்டே காலுக்குச் சென்னையிலிருந்து புறப்பட்டு, புதன்கிழமை மெல்பர்ன். ஐந்து வருஷக் கெடுவில் கடைசி நாள். ஏன் இவ்வளவு இழுத்தாய் என்றால், கம்பெனியில் அதற்கு முன்னால் விடுவிக்கவில்லை என்றாள். அது உண்மை. அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததே தாமதமாகத்தான் என்பதும் உண்மை.

செவ்வாய்க்கிழமை என்றதும் என் மனைவி பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

“செவ்வாயும் புதனும் வடக்க சூலம். மெட்ராஸு எந்தப் பக்கம்? வடக்க.”

“பிளேன் தென்கிழக்கே போகுதும்மா” என்றாள் மகள்.

“அது மேல போற கதைடி. தரையில போறது வடக்கதான?”

சூலம் உள்ள திசையில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் பரஸ்தானம் வைப்பார்கள். நல்ல நாளில் நல்ல நேரத்தில், பயணம் போகிறவரின் உடைமை ஒன்றை, போகிற திசையில் இருக்கிற வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. புறப்படுகிற நாளில் அதை எடுத்துக்கொண்டு போனால் போதும். வழக்கமாக ஒரு துணியும் மஞ்சளும் கொஞ்சம் அரிசியும் வைப்பார்கள். என் மனைவிக்கு அது போதவில்லை. “துணிய வச்சா துணிதான் போவும். ஆளு போவணும்னா பாஸ்போர்ட்டு போவணும்” என்றாள்.

நான் நிறையப் படித்தவன் என்று ஊரில் பெயர். சூலத்தைப் பற்றிக் கிண்டலாக நாலு வார்த்தை சொன்னேன். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு பாஸ்போர்ட் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு வடக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனவனும் நான்தான். மணியைக் குறித்தும் வைத்தேன். அந்த வீட்டுக்காரர் மின்துறையில் லைன்மேன். அவர் மனைவி பையை இரண்டு கையாலும் வாங்கினாள். “பாஸ்போர்ட்டுன்றீங்க, வெளிய வைக்க மாட்டன் சாரு. பீரோவுல வச்சிப் பூட்டிடறன்” என்றாள். நல்லது என்றேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு மனைவி பையை எடுத்துவரப் போனாள். கதவு பூட்டியிருந்தது. கடைக்குப் போயிருப்பார்கள் என்று அரைமணி காத்தோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. முனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய்தான் சொன்னார்: “அவங்க நேத்து காலையிலயே பிள்ளைச்சாவடி போயிட்டாங்களே சாரு. அந்தம்மாவோட அக்கா வூட்டுக்காரரு செத்துட்டாரு. இன்னிக்குத்தான் எடுக்கறாங்க.”

பிள்ளைச்சாவடி புதுச்சேரியைத் தாண்டி வடக்கே, கடற்கரையில். பை புதுச்சேரிக்குத் தெற்கே எங்கள் ஊரில், சாவி வடக்கே. பூட்டை உடைக்கலாம் என்றேன். மனைவி குறுக்கே நின்றாள். “சாவு வுழுந்தவங்க வூட்டுப் பூட்ட உடைச்சி எடுத்த பொருளோட என் பொண்ணு போவக் கூடாது.” உடைத்தாலும் உள்ளே பீரோ வேறு. விமான நிலையத்துக்குப் பேசி வைத்திருந்த டாக்சியை வரவழைத்து நானும் மகளும் பிள்ளைச்சாவடிக்குப் போனோம்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. பந்தலில் நுழைந்ததும் பக்கத்து வீட்டுக்காரி எங்களைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். “பயணம் வச்சிக்கினு எங்க மாமாவப் பாக்க வந்தியாடி என் கண்ணு! சாரு, இவ்ளோ தூரம் வந்துட்டீங்களே!” சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் எங்களைப் பார்த்து அழுதார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி போட்டார். யாரோ டீ கொடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன், டீயைக் குடித்தேன். நாங்கள் சாவி கேட்க வந்தோம் என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. மகளும் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரி தோளில் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷம் இறப்பு எழுதியவன் நான், பிணம் எடுக்காத வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்படி எனக்கே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷத்துக்குக் குறையாது.

கடைசியில் கேட்டது டாக்சி டிரைவர். உள்ளே வந்து, “சார், ஏர்போர்ட்டு போவணுமா வேணாமா?” என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. பக்கத்து வீட்டுக்காரிக்கு அப்போதுதான் புரிந்தது. அழுகை நின்றது. “அய்யய்யோ, அந்தப் பையா? சாவி அவர்கிட்ட இருக்குது சாரு, அவரு சுடுகாட்டுக்குக் கட்டை ஏத்திக்கினு போயிருக்கறாரு” என்றாள். சுடுகாட்டுக்குப் போய் லைன்மேனிடம் சாவி வாங்கும்போது ஒன்று ஐம்பது. திரும்ப வந்து பையை எடுத்து வாசலில் நிற்கும்போது மூன்றே முக்கால். மனைவி சொம்போடு காத்திருந்தாள். “தீட்டு கழிக்க நேரமில்ல. தலையில தண்ணி தெளிச்சிக்கோ, கெளம்பு” என்றாள்.

வில்லியனூர் வழியாகத் திண்டிவனம் போய் நெடுஞ்சாலை பிடித்தோம். செங்கல்பட்டில் லாரி ஒன்று குறுக்கே நின்றது. விமான நிலையத்தில் கவுண்டரை ஏழே காலுக்கு மூடிவிட்டார்கள். நாங்கள் நின்றது ஏழு இருபத்தாறு. பதினொரு நிமிஷம். சீருடை போட்ட பெண், “குளோஸ்டு சார்” என்றாள். கெஞ்சினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி அதையே சொன்னாள். அன்று இரவே போகிற வேறொரு விமானத்தில் இடம் இல்லை. அதற்கடுத்தது வியாழக்கிழமைதான் போய்ச் சேரும்.

திரும்பும் வழியில் திண்டிவனத்தில் மகள், “பசிக்குதுப்பா” என்றாள். பரோட்டா தின்றாள். நன்றாகவே தின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் துக்கம் இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகத்தைப் படித்து எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. பிறகு அவள் தூங்கிவிட்டாள்.

அதன் பிறகு ஆரம்பித்தது விண்ணப்பம். அந்த நாட்டோடு உனக்கு என்ன பிணைப்பு, எதற்காக அங்கே வாழ விரும்புகிறாய், ஏன் கெடுவுக்குள் வரவில்லை என்று விளக்க வேண்டும். நல்லதை எழுத இடம் உண்டு. கெட்டதை எழுத இடம் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிரில் உட்கார்ந்ததையும் நாலு நாள் காய்ச்சலையும் எழுதினால், பிறகு ஏன் வருகிறாய் என்று கேட்பார்கள். தெரு கேட்கமாட்டார்கள் என்ற காரணத்தை எழுதலாம் என்றேன். “அத அவங்களுக்குப் புரியவைக்க இன்னும் நாலு தாள் ஆவும்பா” என்றாள் மகள். பரஸ்தானத்தை எழுதலாம் என்றேன். “பாஸ்போர்ட்ட முன்னாடி அனுப்பிட்டு ஆளு பின்னாடி போறதுன்னா, எனக்குப் பைத்தியம்னு நெனைப்பான்.” அப்படி வந்ததுதான் அந்தப் ‘பாதுகாப்பு கருதி’. சொல்லைத் தந்தது அவள், எழுதியது நான்.

பக்கத்து வீட்டாரிடமிருந்தும் ஒரு வாக்குமூலம் சேர்த்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. புரட்டாசி 12, ஞாயிற்றுக்கிழமை லைன்மேன் தன் சகலையின் இறப்புச் சான்றிதழ் விஷயமாக என்னிடம் வந்தார். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டினீர்கள், பையின் நினைவு வந்ததா என்று கேட்டேன்.

“வராம இன்னா சாரு? ஆறே கால் இருக்கும். வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு உங்க வூட்டாண்ட நிறுத்தனன். ‘நாங்க சாவுக்குப் போறம், வர ரெண்டு நாள் ஆவும், பைய எடுத்துக் குடுத்துட்டுப் போவட்டுமா’ன்னு கத்தனன்.”

“யாருகிட்ட?”

“ஜன்னல்ல. கொசுவலை அடிச்சி இருக்குதே, அங்கேர்ந்து கைய ஆட்டுனாங்க. இருக்கட்டும், போங்கன்ற மாதிரி. சரின்னுட்டுப் போயிட்டன்.”

“யாரு கை அது?”

“அதான் சொல்றனே, வலை. இருட்டா வேற இருந்துச்சி உள்ள. இவ பின்னாடி ஒக்காந்து அழுவறா. நான் யாருன்னு பாக்கறது? உங்க வூட்டுக் கைதான் சாரு, வேற யாரு கை?”

மனைவியிடம் கேட்டேன். அந்த நேரத்தில் பின்பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். “அவ போவணும்னு சூலம் பாத்தவளே நான்தாங்க. நானா வேணாம்னு சொல்லுவன்?” என்றாள். மகளிடம் கேட்டேன். “திங்கக்கெழமைதான் கம்பெனியில கடைசி நாளு, ஆறு இருபது பஸ்ஸு. கெளம்பிக்கினு இருந்தன்” என்றாள். கிளம்பிக்கொண்டு எங்கே இருந்தாய், வாசலிலா உள்ளேயா என்று கேட்டேன். “நீங்க எங்க இருந்தீங்க?” என்று திருப்பிக் கேட்டாள்.

நாட்குறிப்பைப் புரட்டினேன். ஆவணி 16, காலை ஐந்தே முக்கால் முதல் ஆறரை வரை ஏரி நீர்மட்டம் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதும் மேசை அந்த ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. எழுதும்போது யாராவது கூப்பிட்டால் தலை நிமிராமல் கையை ஆட்டி அனுப்பிவிடுவேன் என்று என் மனைவி பல வருஷமாகச் சொல்லி வருகிறாள். லைன்மேன் வண்டிச் சத்தமோ குரலோ எனக்கு நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்பது நான் அங்கே இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பதிவேட்டு மேசையில் எத்தனையோ பேரிடம் இதை நான் சொல்லியிருக்கிறேன்.

வாக்குமூலத்தைக் கடிதத்தோடு சேர்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கடிதம் போனது. இதுவரை பதில் வரவில்லை. திருபுவனைக் கம்பெனியில் அவளை மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே சோற்றைத் தின்கிறோம், அந்த ஜன்னலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆத்திரம் யார் மீது என்று தெரியாமல் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன்.

ஆவணி 16, திங்கட்கிழமை காலை ஏறக்குறைய ஆறே கால் மணிக்கு எங்கள் வீட்டுக் கொசுவலைக்குப் பின்னாலிருந்து ஆடிய கை யாருடையது என்பது, இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.